ஒன்பது லிட்டர் மண்

மாமனார்: ஆட்டுப் புழுக்கையா மாப்பிள்ளை? நல்ல காரியம். ஆட்டு எரு அந்த வருஷமே பலன் தரும், மாட்டு எரு மறு வருஷம்தான். மாடியில் என்ன போடப் போறீங்க, கத்தரியா?

மாப்பிள்ளை: ஐயோ மாமா, பைக்குள் கையை விடாதீங்க. அது அக்வா சாயில். மீன் தொட்டியில் செடி வளர்க்க.

மாமனார்: சாயில் என்றால்?

மாப்பிள்ளை: மண்... மாதிரி.

மாமனார்: மண் என்று சொல்ல ஏன் இத்தனை கூச்சம்? எத்தனை கிலோ?

மாப்பிள்ளை: 9 லிட்டர்.

மாமனார்: தண்ணீரைக் கேட்கவில்லை. மண்ணைக் கேட்டேன்.

மாப்பிள்ளை: மண்தான் மாமா, 9 லிட்டர்.

மாமனார்: மண்ணெண்ணெய் லிட்டர் கணக்கில் வாங்கியிருக்கேன். எண்ணெயை விட்டுவிட்டு மண்ணை மட்டும் ஊற்றிக் கொடுப்பது இப்போதுதான் தெரியும்.

மாப்பிள்ளை: அதில் ஒரு கணக்கு இருக்கு. தொட்டி 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். அடியில் 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்பினால் 9000 கன சென்டிமீட்டர். சரியாக 9 லிட்டர்.

மாமனார்: அடடே, படிக்கணக்கு! நாங்கள் மரக்காலில் அளந்தால் பட்டிக்காடு. சரி, என்ன விலை?

மாப்பிள்ளை: 3000 ரூபாய்.

மாமனார்: லிட்டர் 333. நல்லெண்ணெயோடு போட்டி போடுது.

மாப்பிள்ளை: சும்மா மண் இல்லை மாமா. களிமண்ணில் சத்தெல்லாம் சேர்த்து உருட்டிச் சுட்டது. தண்ணீர் கலங்காது, உருண்டைகளுக்கு நடுவே வேர் சுலபமாக ஓடும்.

மாமனார்: எத்தனை வருஷம் வரும்?

மாப்பிள்ளை: இரண்டு வருஷம் போல. அப்புறம் சத்து தீரும், உருண்டையும் நசுங்கிச் சேறாகிவிடும்.

மாமனார்: மன்னார்குடிப் பக்கம் என் வயலில் அது முதலிலேயே சேறுதான். இலவசம். மேலே ஒரு அங்குலம் கழுவின மணலைப் போட்டு மூடினால் கலங்கவும் கலங்காது.

மாப்பிள்ளை: வெளிநாட்டில் அப்படியும் வளர்க்கிறாங்க மாமா. ஆனால் வெறும் மணல் மட்டும் என்றால் வேர் பக்கத்தில் ரூட் டேப் புதைக்கணும்.

மாமனார்: அது என்ன?

மாப்பிள்ளை: உர மாத்திரை.

மாமனார்: அடியுரம்.

மாப்பிள்ளை: ரூட் டேப் மாமா.

மாமனார்: அடியுரம் மாப்பிள்ளை. சரி, மீன் எங்கே?

மாப்பிள்ளை: ஒரு மாதம் போகணும். புது சாயில் முதல் சில வாரம் அம்மோனியா விடும், மீன் தாங்காது. அதுவரை அடிக்கடி பாதித் தண்ணீரை மாற்றணும்.

மாமனார்: தண்ணீர் லிட்டரில்தானே?

மாப்பிள்ளை: லிட்டர்தான் மாமா.

மாமனார்: அப்பாடா. கிலோவோ என்று பயந்துவிட்டேன்.

(மாப்பிள்ளை பையின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தார். அதில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை.)

மாமனார்: என் வயல் களிமண்ணில் விளைந்த நெல்லுக்கு எனக்குக் கிடைத்தது கிலோ 25 ரூபாய் மாப்பிள்ளை. அதுவும் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டான், சாலையில் கொட்டிக் காயவைத்துவிட்டு மறுபடி வரிசையில் நிற்கணும். உங்கள் மண் ஆயுசுக்கும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், அதற்கு ஈரப்பதம் பார்க்க ஆளே இல்லை. நான் நெல்லைப் போட்டது தப்பு. மண்ணை உருட்டியிருக்கணும்.

மாப்பிள்ளை: மாமா...

மாமனார்: விடுங்க. நாற்றை எடுங்க, நட்டுத் தருகிறேன். இந்தக் கை நடாத நடவா?

மாப்பிள்ளை: நடக்கூடாது மாமா. இது ஜாவா ஃபெர்ன், அது அனுபியாஸ். தண்டு கிழங்கு மாதிரி படுத்திருக்கு பாருங்க, அதை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். மரக்கட்டையில் நூல் போட்டுக் கட்டணும்.

மாமனார்: இரண்டையுமா?

மாப்பிள்ளை: இரண்டையும்தான்.

மாமனார்: சாப்பாடு?

மாப்பிள்ளை: தண்ணீரில் இருப்பதையே எடுத்துக்கும்.

மாமனார்: வேறு செடி?

மாப்பிள்ளை: இல்லை.

மாமனார்: அப்போ இந்த 9 லிட்டர் யாருக்கு?

மாப்பிள்ளை: ...கடைக்காரர் போடச் சொன்னார்.

மாமனார்: செடி கொடுத்தது?

மாப்பிள்ளை: அவரேதான். புதுசா வளர்க்கிறவங்களுக்கு இதுதான் நல்லது, சுலபத்தில் சாகாது என்றார்.

மாமனார்: போன தடவை நீலக் கல் விற்றாரே, சாயம் போய்த் தொட்டியே சொட்டு நீலம் கரைத்த வாளி மாதிரி ஆச்சே, அவரா?

மாப்பிள்ளை: அவரேதான்.

மாமனார்: திருப்பிக் கொடுக்க முடியாதா?

மாப்பிள்ளை: பிரித்த பையை எடுக்க மாட்டாராம்.

மாமனார்: அம்மாடி! அந்தக் கறிவேப்பிலைத் தொட்டியைக் கொஞ்சம் இப்படி எடுத்து வா. எத்தனை லிட்டர் பிடிக்கும், பார்ப்போம்.