பி.டி. பீரியடைக் கடன் கொடுக்க மாட்டேன்

ஒரு தலைமை ஆசிரியர் கல்வியைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று தெரிய அவருடைய ஆண்டு விழாப் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை, பள்ளியின் கால அட்டவணையைப் பார்த்தால் போதும். பி.டி. பீரியட் யாருக்குப் போகிறது, நூலகச் சாவி யாரிடம் இருக்கிறது, அரையாண்டுத் தேர்வுக்கு அப்புறம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்துப் பக்கம் வர முடிகிறதா, அவ்வளவுதான்.

அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் என்பதால் மீளாய்வுக் கூட்டத்தின் முதல் கேள்வி எனக்கு மனப்பாடம்: தேர்ச்சி விழுக்காடு எவ்வளவு? கேட்கட்டும். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வரும் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் சின்ன விஷயமே இல்லை. ஆனால் அதற்காகப் பல பள்ளிகளில் என்ன நடக்கிறது? மெல்லக் கற்போர் பட்டியல் ஒன்று போட்டு, அந்தப் பிள்ளைகளின் விளையாட்டையும் ஓவியத்தையும் எடுத்துவிட்டு, அதே ஒரு மதிப்பெண் வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுத வைக்கிறார்கள். பள்ளிக்கு வர அவர்களுக்கு இருந்த ஒரே ஆசையையும் பிடுங்கிவிட்டு, ஏன் லீவு போடுகிறான் என்று அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டால் எப்படி?

எங்கள் பள்ளியில் அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பையனின் அப்பா மைக் செட் போடுபவர். திருவிழாவுக்கு சீரியல் லைட் கட்ட இவனும் கூடப் போவான். மின்னோட்டவியல் பாடம் வந்தபோது அறிவியல் டீச்சர் அவனையே பல்பும் வயரும் கொண்டுவரச் சொன்னார். ஒரு பல்பைக் கழற்றினால் இந்த வரிசை முழுக்க ஏன் அணைகிறது, அந்த வரிசை ஏன் அணையவில்லை என்று வகுப்புக்கே செய்து காட்டினான். தொடரிணைப்பும் பக்க இணைப்பும் அன்று எல்லாருக்கும் புரிந்தது. கணக்கில் இன்னும் திணறுகிறான்தான். ஆனால் இப்போது கை தூக்கிச் சந்தேகம் கேட்கிறான், எனக்கு அது பெரிய விஷயம்.

இதெல்லாம் ஏதோ என் சொந்த ஆசை என்று நினைக்க வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவு, குழந்தையின் முழு வளர்ச்சி, செயல்வழிக் கற்றல், பயமில்லாத வகுப்பறை என்று தெளிவாகவே சொல்கிறது. அதற்கும் முன்னால் 2003இலேயே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்துவிட்டது. குழந்தைக்கு எட்டும் உயரத்தில் சுவரோடு கரும்பலகை, அட்டைகளை எடுத்து அவரவர் வேகத்தில் படிப்பது, கூடவே பாயில் உட்காரும் ஆசிரியர். அந்தத் தாழ்வான கரும்பலகைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, எழுதும் உரிமை பிள்ளைக்கும் உண்டு என்று அது காட்டியது.

2017இல் பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பையும் அரசு நிறுத்தியது, நல்ல முடிவு. பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் தாண்டிப் போன பள்ளிகளுக்காக அடுத்த மார்ச்சில் அங்கேயும் பொதுத்தேர்வு வந்தது, 2025இல் அதை எடுத்தும்விட்டார்கள். அரசாணை மாறிக்கொண்டே இருக்கும். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளை எந்த முகத்தோடு வகுப்புக்குள் நுழைகிறது என்பது தலைமை ஆசிரியர் அறையில்தான் முடிவாகிறது.

அதனால் இந்த வருடம் ஆசிரியர் கூட்டத்தில் சொல்லிவிட்டேன்: பி.டி., ஓவியம், நூலகம் மூன்றையும் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை, திருப்புதல் தேர்வு நேரத்திலும் சரி. கணக்கு சாருக்கு வருத்தம்தான், அவருக்காகக் காலையில் முதல் பீரியடை ஒதுக்கியிருக்கிறேன். இதே நெருக்கடியில் இருக்கும் தலைமை ஆசிரியர்கள் உங்கள் பள்ளியில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள், அடுத்த கூட்டத்துக்கு முன் எனக்கு உதவும்.