கெச்சுவா அழிந்த மொழி அல்ல

"கெச்சுவா இன்காக்களோடு அழிந்துவிட்டது, ஹங்கேரியன் ஹங்கேரியைத் தாண்டாது" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. கெச்சுவா தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதி மொழி; அங்கே முன்பு பேரரசு நடத்தியவர்கள்தான் இன்காக்கள். பெருவின் 2017 கணக்கெடுப்பில் மட்டும் 37 லட்சத்துக்கும் அதிகமானோர் கெச்சுவாவைத் தாய்மொழி என்று சொல்லியிருக்கிறார்கள். பொலிவியா, ஈக்வடார், ஏன், அர்ஜென்டினாவின் சந்தியாகோ தெல் எஸ்தேரோ சமவெளியில்கூட அதன் வகைகள் பேச்சில் இருக்கின்றன. அங்கெல்லாம் ஸ்பானிஷில் உருளைக்கிழங்கைப் 'பாபா' என்கிறார்களே, அதுவே கெச்சுவாச் சொல்தான்!

சரி, ஹங்கேரியன்? முதல் உலகப் போருக்குப் பின் 1920 திரியனோன் ஒப்பந்தத்தில் ஹங்கேரியின் எல்லை சுருங்கியபோது, ஹங்கேரியன் பேசும் லட்சக்கணக்கானோர் தாங்கள் இருந்த ஊரிலேயே வேறு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். ருமேனியாவின் ஹர்கித்தா மாவட்டத்தில் இன்றும் அவர்கள்தான் பெரும்பான்மை. ஊர்ப் பெயர்ப்பலகையில் ருமேனியன், ஹங்கேரியன் இரண்டும் இருக்கும். அப்புறம் தெற்கு ஸ்லோவாக்கியா, செர்பியாவின் வொய்வொதினா, உக்ரைனின் மேற்கு ஓரம் என்று அங்கெல்லாமும் ஹங்கேரியன் பேசுகிறார்கள். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.