கடல் பக்கத்துல இருக்கு, அதுக்காக எந்த மீனை வேணாலும் வித்துரலாமா?

நாலு நாளா சரியா தூக்கம் இல்ல. எழுதித் தீத்தாதான் இந்த வெப்ராளம் அடங்கும், நீளமாப் போனா பொறுத்துக்கோங்க மக்கா.

அக்கா பயலுக்கு ஒம்பது வயசு பொறந்தநாளு. அத்தான் சவுதியில இருந்து லீவுக்கு வந்திருந்தாரு, பிள்ளை ஆசையா கேட்டானேன்னு நாகர்கோவில்ல ஒரு கடைக்கு கூட்டிட்டுப் போயி ரெண்டடி கண்ணாடித் தொட்டி, பில்டர், லைட்டு, அதோட கடல் மீனு ஏழுன்னு எல்லாம் சேத்து 19,000 ரூவாய்க்கு வாங்கிட்டு வந்துட்டாரு. கிளவுன் ரெண்டு, கார்ட்டூன்ல பிள்ளைகளு பாக்குமே அந்த நீல மீனு புளூ டேங் ஒண்ணு, மூரிஷ் ஐடல் ஒண்ணு, கிளீனர் ராஸ் ரெண்டு, போதாக்குறைக்கு ஒரு லயன் ஃபிஷ். எல்லாம் ஒரே நாளு, ஒரே தொட்டி. கடைக்காரரு அத்தான்கிட்ட சொல்லி விட்டது என்ன தெரியுமா, "கடல் பக்கத்துல இருக்கவங்களுக்கு மெரைன் டேங்க் ரொம்ப ஈசி சார், பீச்சுல போயி கேன்ல தண்ணி புடிச்சு ஊத்துங்க, காலையில ஒரு சிட்டிகை ராத்திரி ஒரு சிட்டிகை இந்த டப்பா தீனிய போடுங்க, அவ்ளோதான்."

அவ்ளோதான். பதினோரு நாளுல ஆறு மீனு போச்சு.

மூணாவது நாளு காலையில கிளவுன் ஒண்ணைக் காணல. தொட்டிக்கு வெளிய குதிச்சிருக்குமோன்னு சோஃபாவுக்கு அடியில எல்லாம் தேடிருக்கான் பய. குதிக்கல, லயன் ஃபிஷ் முழுங்கிருக்கு. அது வாய்க்குள்ள கொள்ளுற எந்த மீனையும் முழுங்கும், அதோட இயற்கையே அதுதான், அது மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அதை சின்ன மீனோட ஒரே பையில கட்டி வித்தவரு மேலதான் கோவம். அவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

எங்க சித்தப்பா கடியப்பட்டணத்துக்காரரு, பாறையில சிப்பி எடுக்க முங்குறவரு, முப்பது வருசமா கடலுக்கு அடியில என்ன இருக்குன்னு கண்ணால பாத்த மனுசன். அந்த ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வந்தவரு தொட்டியப் பாத்ததும் வச்ச டீயக்கூட குடிக்கல. லயன் ஃபிஷ்ஷக் காட்டி "எடே, இத யாருடே பிள்ளை இருக்க வீட்டுல கொண்டு வச்சது"ன்னு ஒரு சத்தம். அவருக்கு ஒருக்கா வலையில இருந்து களட்டும்போது அதோட முதுகு முள்ளு குத்தி முழங்கை வரைக்கும் வீங்கி, தாங்குற சூட்டுல சுடுதண்ணிக்குள்ள கைய முக்கி வச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க அனத்துன கதை எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும். அந்த முள்ளுல விஷம் இருக்கு. ஒம்பது வயசுப் பய தொட்டிக்குள்ள கைய விட்டு கண்ணாடியில உள்ள பாசிய தேய்க்கான். கடையில ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லல.

பொறவு ஒவ்வொண்ணாப் போச்சு. மூரிஷ் ஐடல் வந்த நாளுல இருந்து ஒரு வாய் திங்கல. அது கடல்ல பாறைய ஒட்டி வளருற கடற்பஞ்சைக் கொத்தித் தின்னு வாழுற ஜீவன், டப்பாவுல உள்ள உருண்டையப் போட்டா அதுக்கு அது சாப்பாடுன்னே தெரியாது. வருசக்கணக்கா தொட்டி வச்சுப் பழகுனவங்களே அத வாங்கப் பயப்படுவாங்க. வயிறு ஒட்டி, முதுகு கத்தி மாதிரி ஆகி, ஒம்பதாவது நாளு தரையில சாஞ்சு கெடந்துச்சு. கிளீனர் ராஸ் இன்னும் பாவம். அதோட சோலியே பெரிய மீனுகளோட மேல் ஒட்டியிருக்க உண்ணியக் கொத்தித் திங்குறதுதான், பெரிய பெரிய களவா மீனுகூட அதுக்கு வாயைத் தொறந்து காட்டிட்டு அசையாம நிக்கும்னு சித்தப்பா சொல்லுவாரு. ரெண்டடி தொட்டியில அதுக்கு யாரு வாயைத் தொறந்து காட்டுவா? ரெண்டும் பட்டினி கெடந்தே செத்துச்சு. அந்த புளூ டேங் வளந்தா ஒரு அடி நீளம் வரும், கடல்ல நாள் முழுக்க நீந்திக்கிட்டே இருக்குற மீனு, அதுக்கு ஆறடி தொட்டியே நெருக்கடிதான். வாங்கும்போது நம்ம பெருவிரல் அளவு இருக்கும், அழகா இருக்கும், அதக் காட்டித்தான் விக்காங்க.

இன்னொண்ணு, தொட்டின்னா தண்ணிய ஊத்துன அன்னைக்கே மீனை விடக் கூடாதுங்கறது இந்தத் தொழில்ல உள்ள சின்னப் பையனுக்குக்கூட தெரியும். மீனோட கழிவுல இருந்து அம்மோனியா வரும், அது மீனுக்கு விஷம், அத நைட்ரைட்டா மாத்தி பொறவு நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா பில்டர்லயும் கல்லுலயும் குடியேற நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். அது வரைக்கும் காத்திருக்கணும், அப்புறமும் ஒண்ணொண்ணா இடைவெளி விட்டுத்தான் விடணும். ஏழு மீனை ஒரே நாளுல வித்தா என்ன ஆகும்னு வித்தவருக்குத் தெரியும். மீனு செத்தா ஆளு திரும்ப வருவான், திரும்ப வாங்குவான்.

பீச்சுல தண்ணி புடிங்கன்னு சொன்னதும் அப்பிடித்தான். கடல் தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் கிட்ட உப்பு இருக்கும். அத்தான் புடிச்சது மழை நேரத்துல மணவாளக்குறிச்சி பக்கம், வள்ளியாறு வந்து கடல்ல விழுற எடத்துக்கிட்ட, கலங்கல் தண்ணி, உப்பு எவ்ளோன்னு யாருக்குத் தெரியும். துறைமுகத்துப் பக்கம் போயிருந்தா டீசல் மெதக்கும். உப்பு அளக்க ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கணும்னுகூட அந்தக் கடையில சொல்லல, அதுவும் அங்கேயேதான் விக்கிறாங்க!

செத்த மீனு அஞ்சையும் பாலித்தீன் பையில போட்டு நானே கடைக்குப் போனேன். பைய வாங்கக்கூட இல்ல. "மீனுன்னா சாகும் சார், கேரண்டி கிடையாது." அந்த லயன் ஃபிஷ்ஷ என்ன செய்யன்னு கேட்டேன், "கடல்ல விட்ருங்க"ன்னாரு. எங்க புடிச்சதுன்னு தெரியாது, என்ன நோயை சுமந்துகிட்டு இருக்குன்னு தெரியாது, கடல்ல விடணுமாம். இதே லயன் ஃபிஷ் அமெரிக்கா பக்கம் இருக்கவே கூடாத மீனு, புளோரிடா கடல்ல 1985-ல மொத தடவை கண்ணுல பட்டுச்சு, தொட்டி மீனை யாரோ திறந்து விட்டதுதான் ஆரம்பம்னு சொல்லுதாங்க, இன்னைக்கு கரீபியன் முழுக்க அங்க உள்ள மீன் குஞ்சுகளத் தின்னு தீக்குது. நம்ம ஊர் ஏரி குளத்துல சக்கர் மீன், அதான் தொட்டியில பாசி திங்கும்னு வாங்கி விடுற மீனு, வந்ததும் இப்பிடித்தான். இதையெல்லாம் பேசிட்டு இருக்கும்போதே அவரு குரலத் தாழ்த்தி "கடல் குதிரை வேணும்னா சொல்லுங்க, ஏற்பாடு பண்ணலாம்"ங்காரு. எனக்கு கையெல்லாம் நடுங்கிருச்சு.

கடல் குதிரை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல 2001-ல இருந்து முதல் அட்டவணை. புலி எந்த அட்டவணையோ அதே அட்டவணை. மாட்டுனா மூணு வருசத்துல இருந்து ஏழு வருசம் வரைக்கும் ஜெயிலு. கடல் அட்டையும் அதுலதான், பவளமும் அதுலதான். எங்க ஆளுவ வலையில தெரியாம ஒரு கடல் குதிரை ஏறுனாகூட பதறிப்போயி எடுத்து கடல்ல விடுதாங்க, கேஸ் ஆயிரும்ங்கற பயம். அதே ஜீவனை ஏசி ரூம்ல நின்னுக்கிட்டு ஒருத்தரு விலை பேசுறாரு. அதுக்கு இரைப்பையே கிடையாது, தின்னது தங்காது, நாள் முழுக்க உயிரோட உள்ள சின்னச் சின்ன எறாலைத் தின்னுக்கிட்டே இருக்கணும், வீட்டுல யாரால முடியும்?

சரி, அட்டவணையில இல்லாத மத்த மீனுக்கு என்ன பாதுகாப்புன்னு தேடிப் பாத்தேன், அங்கதான் எனக்கு இன்னும் எரியுது. 2017 மே மாசம் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்குன்னே தனியா விதிமுறை கொண்டு வந்துச்சு. கடையப் பதிவு பண்ணணும், உருண்டைக் கிண்ணத்துல மீனை வைக்கக் கூடாது, சயனைடு வெடின்னு போட்டுப் புடிச்ச மீனை விக்கக் கூடாது, 158 வகை மீனை விக்கவே கூடாதுன்னு ஒரு பட்டியல், அதுல வண்ணாத்தி மீனு, ஏஞ்சல் மீனு, கிளவுன் எல்லாம் இருந்துச்சு. வியாபாரிகளும் மீன் வளர்ப்புக்காரங்களும் எதிர்ப்பு தெரிவிச்சாங்க, கொஞ்ச மாசத்துல மொத்தத்தையும் வாபஸ் வாங்கிட்டாங்க. எதிர்ப்புல நியாயம் இருந்துச்சு, நான் இல்லன்னு சொல்லல. கிளவுன் மீனை பண்ணையில முட்டை வைக்க விட்டு குஞ்சு பொரிச்சு வளக்க முடியும், இங்கேருந்து ரெண்டு மணி நேரத்துல உள்ள விழிஞ்சத்துலயும் அந்தப் பக்கம் மண்டபத்துலயும் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க அதைச் செஞ்சே காட்டியிருக்காங்க. அந்த மீனை வித்தா நம்ம கடல் பாறையில இருந்து ஒண்ணும் குறையாது, எத்தனையோ குடும்பம் பொழைக்கும். புளூ டேங்கை ஆய்வகத்துல மொத தடவையா குஞ்சுல இருந்து வளத்ததே 2016-லதான், சந்தைக்கு வர்றது பெரும்பாலும் கடல்ல இருந்து புடிச்சது. அப்போ வளக்க முடிஞ்சதையும் முடியாததையும் பிரிச்சு பட்டியலத் திருத்தியிருக்கணும். ஓட்டை இருக்குன்னு வள்ளத்தையே ஒடச்சுப் போட்டா எப்பிடி?

மிச்சம் இருக்கது 1960-ல வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம். மனுசன் தவிர உயிருள்ள எதுவும் மிருகம்னு அதுல இருக்கு, அப்போ மீனும் சேத்திதான். மொத தடவை தப்புக்கு அபராதம் என்ன தெரியுமா? 10 ரூவாயில இருந்து 50 ரூவா. பட்டினி போட்டுக் கொன்ன ஒரு மூரிஷ் ஐடலுக்கு அத்தான் குடுத்த விலை 2,200 ரூவா.

ஒரு ஆபீசுல போயி கேட்டேன், கடல் குதிரைன்னா சொல்லுங்க, மத்த மீனு எங்க வேலை இல்லன்னாங்க. இன்னொரு எடத்துல உணவு மீனுதான் நாங்க பாப்போம்னு அனுப்பிட்டாங்க. மூணாவது எடத்துல கடைக்கு வியாபார லைசென்ஸ் இருக்கான்னு மட்டும்தான் பாப்போமாம், உள்ள என்ன விக்கிறாங்கன்னு அவங்க பாக்க மாட்டாங்களாம்.

படிச்சுட்டு வாங்கிருக்கணும்னு எங்க அத்தானையே சில பேரு சொல்லுதாவ. அவரு சவுதியில வெல்டிங் வேலை பாக்குற மனுசன், வருசத்துல ஒரு மாசம் லீவு, பிள்ளை மொகத்துல சிரிப்பப் பாக்கணும்னு வாங்குனாரு. மருந்துக் கடையில போயி நாம பார்மசி படிச்சுட்டா மாத்திரை வாங்குதோம்? விக்கிறவருக்குத் தெரியுது, வாங்குறவருக்குத் தெரியாது, அப்போ சொல்ல வேண்டிய கடமை யாருக்கு?

பய மூரிஷ் ஐடலை கொல்லையில தென்னமரத்து மூட்டுல புதைச்சான். "மாமா, நான் தீனி கம்மியா போட்டுட்டேனா"ன்னு கேட்டான். இல்ல மக்ளே, நீ ஒண்ணும் செய்யலன்னு சொல்லிட்டு நான் அந்தப் பக்கம் திரும்பிட்டேன்.

வர்ற திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுல மனு குடுக்கப் போறேன். ஒவ்வொரு மீன் தொட்டி மேலயும் அது வளந்தா எவ்ளோ நீளம், என்ன திங்கும், முள்ளுல விஷம் உண்டா, பண்ணையில வளத்ததா கடல்ல புடிச்சதான்னு தமிழ்ல எழுதி ஒட்டணும், புதுத் தொட்டி வாங்குறவங்களுக்கு அன்னைக்கே மீனு விக்கக் கூடாது, தொட்டியில பொழைக்காத மீனை விக்கவே கூடாது, கடல் குதிரை பேரம் பேசுற கடையில சோதனை போடணும்னு எழுதியிருக்கேன். சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்காரு, அவரு கூட முங்குற பதினாலு பேரும் போட்டிருக்காங்க. நம்ம மாவட்டத்துல யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தா, பில்லு கையில இருந்தா, ஞாயித்துக்கெழமைக்குள்ள எனக்கு அனுப்புங்க, சேத்து வச்சிருதேன்.

லயன் ஃபிஷ் இன்னும் உயிரோட இருக்கு. சித்தப்பா ரெண்டு நாளைக்கு ஒருக்கா கொளச்சல்ல இருந்து பச்சை எறால் கொண்டு வந்து நீளக் குச்சி நுனியில குத்திக் குடுக்காரு, பயலை கிட்ட விடுறது இல்ல. விழிஞ்சத்துல எடுத்துக்குவாங்களான்னு கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.