ஓரத்தை வீணடிக்காதீர்கள்

கம்ப்யூட்டர் திரையில் மவுஸால் சுலபமாக க்ளிக் செய்ய, பட்டன்களைப் பெரிதாக்கினாலே போதும் என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. பட்டன் இருக்கும் இடமும் முக்கியம். இலக்கு பெரிதாக, பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் தொடலாம் என்பது 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன விதி. திரையின் ஓரத்தில் கர்சர் தானாக நின்றுவிடும், மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் தாண்டாது. அதனால் ஓரத்தை ஒட்டிய சின்னப் பட்டன்கூடப் பெரிய பட்டன் மாதிரிதான். ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் மெனு பார் திரையின் மேல் ஓரத்தை ஒட்டியே இருப்பதால் அதற்கு இந்த லாபம் உண்டு. விண்டோஸ் 95இல் ஸ்டார்ட் பட்டனுக்கும் மூலைக்கும் நடுவே கொஞ்சம் பிக்சல் விட்டிருந்தார்கள். மூலைக்கே கொண்டுபோய் க்ளிக் செய்தால் ஒன்றும் நடக்காது! இன்றும் பல ஆப்களில் ஸ்க்ரோல்பாரை ஓரத்திலிருந்து தள்ளித்தான் வைக்கிறார்கள், ஏனோ. (இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு நடுவிலுள்ள ஓரம் எப்படியும் கிடையாது, கர்சர் அடுத்த திரைக்கு ஓடிவிடும்.)

கர்சர் கண்ணில் படுவது தனிப் பிரச்சினை. எழுத்துகளின் மேல் போகும்போது வரும், பின்னணி நிறத்தைத் தலைகீழாக்கிக் காட்டும் ஆங்கில ‘I’ வடிவக் கர்சர், நடுத்தரச் சாம்பல் நிறத்தின் மேல் கிட்டத்தட்ட மறைந்தேவிடும். சாம்பலைத் தலைகீழாக்கினாலும் சாம்பல்தானே! மேக்கில் மவுஸை வேகமாக ஆட்டினால் அம்பு பெரிதாகிறது. விண்டோஸில் கன்ட்ரோல் கீயை அழுத்தினால் கர்சரைச் சுற்றி வட்டம் காட்டும் வசதி இருக்கிறது, ஆனால் செட்டிங்ஸில் தேடிப்பிடித்து நாமே ஆன் செய்ய வேண்டும். முதலிலேயே ஆன் செய்து கொடுத்தால் என்ன?