கேக் செர்ரி பிளாஸ்டிக் இல்லை, களாக்காய்

"கேக் மேல் வைக்கும் சிவப்பு செர்ரி பிளாஸ்டிக், நசுக்கினால் ரப்பர் மாதிரி இழுபடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

நம் பேக்கரிகளில் மலிவாகக் கிடைக்கும் 'செர்ரி' பெரும்பாலும் களாக்காய். என்றும் பச்சையாக நிற்கும் முள் புதர்ச்செடியின் காய். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் காய்த்து, பழுத்தால் கருஞ்சிவப்பாகும். பழுக்குமுன் பறித்து, விதை நீக்கி, உப்புக் கரைசலில் ஊறவைப்பார்கள். காயின் பிசுபிசுப்பான பாலும் துவர்ப்பும் இறங்கும். குழையாமலிருக்கக் கால்சியம் உப்பு சேர்ப்பார்கள். 'ரப்பர்' விறைப்பு அதனால்தான். பிறகு நிறமேற்றி, சர்க்கரைப்பாகில் போட்டு, பாகின் அடர்த்தியை நாளுக்கு நாள் கூட்டுவார்கள். ஒரே நாளில் கெட்டிப் பாகில் போட்டால் காயின் நீர் சட்டென வெளியேறி, சுருங்கிவிடும்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒன்றை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, குறுக்கே வெட்டுங்கள். தண்ணீர் இனிக்கும், நடுவில் விதை எடுத்த குழி தெரியும். பாக்கெட்டின் பின்புறம் உட்பொருள் பட்டியலில் 'கரோண்டா' என்றிருந்தால் களாக்காய்தான்.

கவனிக்க வேண்டியது நிறத்தை. லேபிளில் ஐ.என்.எஸ். 127 (உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான சர்வதேச எண்) என்றிருந்தால், அது எரித்ரோசின் என்ற செயற்கைச் சிவப்பு நிறம். அனுமதிக்கப்பட்டது, அளவு வரம்பு உண்டு. லேபிளே இல்லாமல் உதிரியாக விற்பதை வாங்காதீர்கள். சர்க்கரையும் அதிகம், சிறுவர்களுக்கு ஒன்றிரண்டு போதும்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.