பதினேழு வரை எண்ணினேன்

(சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு தொழிலாளர் விடுதி. திங்கள், காலை 5.30. லாரிக்காகக் காத்திருக்கிறார்கள். வீரமணிக்குக் கீழ்க்கட்டில், ராசுவுக்கு மேல்கட்டில்.)

வீரமணி: என்னடா, கண் இப்படிச் சிவந்திருக்கிறது? குடித்தது நான்தானே?

ராசு: குடித்தது நீங்கள், விழித்தது நான் அண்ணே.

வீரமணி: குறட்டையா? காதில் பஞ்சை வைத்துக்கொள்.

ராசு: குறட்டை விட்டால் நான் தூங்கிவிடுவேன். அது திடீரென்று நிற்கிறதே! மேலே படுத்துக்கொண்டு எண்ணுகிறேன். பதினைந்து, பதினாறு, பதினேழு... ஊரில் அண்ணிக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே தொடங்கிவிட்டேன். அப்புறம் காற்று வாங்கிய மோட்டார் மாதிரி 'கர்ர்ர்க்'!

வீரமணி: பதினேழு விநாடியெல்லாம் ஒரு கணக்கா?

ராசு: 10 விநாடி நின்றாலே டாக்டர்களுக்கு அது கணக்குதானாம். மணிக்கு 5 முறை நின்றால் வியாதிக் கணக்கு. தஞ்சாவூரில் நர்ஸாக இருக்கும் தங்கைக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

வீரமணி: அடப்பாவி, அவளையும் எழுப்பினாயா?

ராசு: அவளுக்கு நைட் டூட்டி. தூங்கினால் தொண்டைத் தசை எல்லோருக்கும் தளரும், சரி. பீர் போனால் இன்னும் தொளதொளத்து, நாக்கு பின்னால் சரிந்து வழியை மறிக்கிறதாம். மூச்சு அடைத்தால் மூளைதான் உலுக்கி எழுப்ப வேண்டும். குடித்திருந்தால் அதுவும் ஆடி அசைந்துதான் வருமாம்.

வீரமணி: அதுவும் என்னோடுதானே குடித்தது, பாவம். ஆனால் நான் சட்டப்படி 10.30-க்குள் முடித்துவிட்டேன். 2015-இல் அந்தச் சட்டம் வந்தபோதே இங்கே இருந்தவன்டா நான்.

ராசு: அது இரவு 10.30-க்கு மேல் கடையில் விற்காதே, தெருவில் குடிக்காதே என்று போட்ட சட்டம். ஈரல் ஒரு கேனைக் கரைக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீங்கள் நாலு கேனை இறக்கிவிட்டு 11-க்கு மல்லாந்தீர்கள். அப்புறம் வேலைக்கு முன்னால் பாதுகாப்பு பற்றிச் சொல்லும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் நின்றபடியே தூங்குகிறீர்கள்.

வீரமணி: மூச்சு நின்றதே, எழுப்பக் கூடாதா?

ராசு: ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னாள். இறங்கி வந்து உருட்டினேன். "லாரி வந்துவிட்டதா?" என்று எழுந்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மறுபடியும் மல்லாந்தீர்கள்.

வீரமணி: ஓ... காலையில் வாரோடு எழுந்தது அதனால்தானா!

(லாரி வருகிறது. ஏறி உட்கார்ந்ததும் வீரமணி தலையைச் சாய்த்துக் கண்ணை மூடுகிறார். நிசப்தம்.)

வீரமணி: (கண்ணைத் திறக்காமல்) டேய், வாய்க்குள் என்ன முணுமுணுக்கிறாய்?

ராசு: ஒன்றுமில்லை அண்ணே. எட்டு வரை வந்திருந்தேன்.