லெவ்வை என்றால் எந்த லெவ்வை?

இலங்கையின் கிழக்குக் கரையில், காத்தான்குடியிலிருந்து பொத்துவில் வரைக்கும் லெவ்வைமாரை எண்ணி முடிக்க ஏலாது. லெப்பை என்பதைத்தான் எங்கட பேச்சில் லெவ்வை என்கிறோம். ஆதம்லெவ்வை, இஸ்மாலெவ்வை, உதுமாலெவ்வை, மீராலெவ்வை. இத்தனை பேரையும் ஒரே ‘லெப்பைக் குடும்பம்’ என்று நினைத்து வம்சம் தேடுகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. அப்படி ஒரு குடும்பம் எங்கட பக்கத்தில் இல்லை.

பள்ளியில் தொழுவிக்கிறவர், நிக்காஹ் நடத்துகிறவர், பிள்ளைகளுக்கு ஓதக் கொடுக்கிறவர்தான் பழைய பேச்சில் லெவ்வை. அந்த மரியாதை ஆட்பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு வயற்காரரும் கடைக்காரரும் தங்கட பிள்ளைகளுக்கு வைத்தார்கள். தமிழ்நாட்டில் கதை வேறு. அங்கே ராவுத்தர், மரைக்காயர் போல லெப்பையும் ஒரு சமூகப் பிரிவின் பெயர். கண்டியில் பிறந்து 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய சித்தி லெப்பையின் பெயரிலும் இதே சொல்தான். அதற்காக அக்கரைப்பற்று ஆதம்லெவ்வை அவருக்குச் சொந்தமாகிவிட மாட்டார்.

சொந்தம் தெரியவேணுமென்றால் குடியைக் கேளுங்கள். அது உம்மா வழியில் வருகிற வம்சம். ஒரே குடிக்குள் கலியாணம் என்றால் பழையவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். அந்தக் கணக்கில் வாப்பாவின் லெவ்வை செல்லாது.

இந்தப் பெயர் உண்மையிலேயே படுத்துவது கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில். பிறப்புப் பதிவில் வாப்பா ‘ஆதம்லெவ்வை’ என்று ஒரே சொல்லாக இருந்தால் முதலெழுத்து ‘ஏ’. பிரித்து எழுதியிருந்தால் ‘ஏ.எல்.’. பாடசாலையில் ஒன்று, அடையாள அட்டையில் மற்றது என்று ஆகிவிடும். ஆங்கிலத்தில் இன்னும் மோசம்: ஒருவர் Lebbe என்று இரண்டு ‘பி’ போடுவார், அடுத்தவர் Levvai என்று இரண்டு ‘வி’. இறுதியில் ‘இ’யா ‘ஏஐ’யா என்பது எழுதுகிறவர் இஷ்டம். கத்தாருக்கு விசா வந்த நேரத்தில் கடவுச்சீட்டும் சான்றிதழும் ஒத்துப்போகாமல் சத்தியக்கடதாசிக்கு (உறுதிமொழிப் பத்திரத்துக்கு) ஓடுகிறவர்கள் பலர் இந்த ஓர் எழுத்தால்தான் ஓடுகிறார்கள்.

அடையாள அட்டைக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கும் பிள்ளைகள் பாடசாலை ஊடாகத்தான் விண்ணப்பிக்கிறார்கள். அன்றைக்குப் பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, இடைவெளி உட்பட, எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ‘சேர் சரியாத்தான் எழுதியிருப்பார்’ என்று விடாதீர்கள். அவருக்கு முன்னால் வகுப்பு முழுக்க லெவ்வைமார்! பிறப்புப் பதிவிலேயே பிழை என்றால் முதலில் பிரதேச செயலகத்தில் அதைத் திருத்திப் புதிய பிரதி எடுங்கள். அட்டையை முதலில் மாற்றினால், பதிவு திருந்தியபின் மறுபடியும் அட்டை மாற்றவேணும். கடவுச்சீட்டுப் படிவத்தின் குடும்பப்பெயர்க் கட்டத்தில் ‘லெவ்வை’யை மட்டும் பிய்த்துப் போடவேண்டாம். வாப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே முழுசாகப் போடுங்கள்.